எரியாத விளக்கு

அத்தியாயம் 7

கதவு சாத்திக்கொண்ட சத்தத்தை இமானுவேல் முதலில் காற்று என்றுதான் நினைத்தான். அதற்கடுத்து வெளியே கொண்டி விழுந்தது. காற்றுக்குக் கொண்டி போடத் தெரியாது.

"அக்கா, நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

"தெரியுது," என்றாள் ஃபஸீலா. காரின் முன்பக்கம் குத்தவைத்திருந்தவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "டார்ச்ச இங்கன அடி."

அவன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்கு ஓடினான். இரும்புத் தகடு அடித்த கனத்த கதவு. இரண்டு கையாலும் குத்தினான், காலால் உதைத்தான், அடிவயிற்றிலிருந்து கத்தினான். தன் குரல் தன் காதுக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது. பக்கத்து அறையில் ஐஸ் பிளான்ட்டின் கம்ப்ரஸர் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தது.

புதுமடம் கடற்கரையில் இருக்கும் அந்த ஐஸ் பிளான்ட்டில் ஐஸ்கட்டி வைக்கும் பழைய அறை அது. ஐஸ் உருகாமல் இருப்பதற்காக ஒரு முழ கனத்துக்குச் சுவர் வைத்து, நடுவில் தெர்மாகோல் அடைத்துக் கட்டியது. ஜன்னல் இல்லை, காற்றுப் போக்கி இல்லை. குளிரை வெளியே விடாத சுவர் மனிதன் குரலை மட்டும் விட்டுவிடுமா என்ன? ஐஸ் வைப்பதை நிறுத்தி நாலு வருஷமாகிவிட்டது. இப்போது நசுங்கிப்போன ஒரு ஜெர்மன் கார் மட்டும் உள்ளே நின்றது. செல்போனில் சிக்னலுக்கு ஒரு கோடுகூட இல்லை.

"கத்தாத. இருக்குற காத்துல ரெண்டு பேரும் பொழைக்கணும்," என்றாள் ஃபஸீலா.

இமானுவேல் உதைப்பதை நிறுத்தினான். பாம்பன்காரன், முப்பத்து நாலு வயது, அவளிடம் வேலைக்குச் சேருவதற்கு முன் ஆறு வருஷம் ராமேஸ்வரத்துக்கு யாத்ரீகர் வேன் ஓட்டியவன். திறந்த கடலில் எதற்கும் பயப்படமாட்டான். நாலு சுவருக்குள் அடைத்தால் மட்டும் அவன் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

"அக்கா, எங்க அம்மா சொல்லும், 'நீ ஒரு நாள் ஐஸ் வச்சுத்தான்டா ஊருக்கு வருவே'ன்னு. இங்கன ஐஸும் இல்லாமப் போச்சு."

"டார்ச்."

அவன் வந்து டார்ச்சை எடுத்துப் பிடித்தான்.

ஃபஸீலா பெரியபட்டினத்துக்காரி. மோதிய வண்டிகளைப் பார்த்துக் கணக்கு எழுதும் இன்சூரன்ஸ் சர்வேயராகப் பதினாறு வருஷம் இருந்தவள். எந்த நசுங்கல் பனைமரத்தில் வாங்கியது, எது சுத்தியலில் வாங்கியது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்த வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களே ரகசியமாக வந்து போகிறார்கள்.

இந்த வழக்கை அவளிடம் கொண்டுவந்தவள் இராமலட்சுமி. அவள் கணவன் வேல்சாமி ராமநாதபுரத்தில் கார் மெக்கானிக், பதினொரு நாளாகச் சப் ஜெயிலில் இருந்தான். இந்த ஐஸ் பிளான்ட்டின் முதலாளி வாவு முகம்மதுவின் காருக்கு அவன்தான் புது பிரேக் பேட் போட்டான். எட்டாம் நாள் முதலாளி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய்த் திரும்பும்போது, உச்சிப்புளிப் பக்கம் மூடியிருந்த ரயில்வே கேட்டுக்கு முன்னால் பிரேக் பிடிக்கவில்லை. கேட்டில் மோதாமல் இருக்கத் திருப்பினார். கார் பக்கவாட்டில் சறுக்கி, அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு பனைமரத்தில் அறைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆய்வாளர் சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, பேட் மொத்தமும் தேய்ந்திருக்கிறது என்று எழுதினார். புதுசு போட்டேன் என்று சொல்லிப் பழசையே விட்டுவிட்டான், ஓர் உயிர் போய்விட்டது என்று வேல்சாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் பேட்டைப் பற்றியே பேசினார்கள். ஃபஸீலா மட்டும் வேறொன்றைக் கேட்டாள். "அந்த விளக்கு ஏன் எரியல?"

இந்த மாதிரிக் கார்களில் பிரேக் பேட்டுக்குள் ஒரு சின்ன ஒயர்முனை செருகியிருக்கும். பேட் தேய்ந்து மெலிந்தால் சுற்றும் தட்டு அந்த முனையை உரசி அறுத்துவிடும். அறுந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். சென்சார் என்பார்கள். ஒரு தடவை அறுந்தால் அவ்வளவுதான், அடுத்த பேட்டோடு புதுசு மாட்டவேண்டும். வாவு முகம்மது அந்த விளக்கு எரிந்ததைப் பார்த்துத்தான் காரையே வேல்சாமியிடம் விட்டிருந்தார். அப்படிப்பட்ட மனுஷர், விளக்கு மறுபடி எரிந்திருந்தால் ராமேஸ்வரம் வரை போயிருக்கமாட்டார்.

இந்த ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் இருவரும் இன்று மத்தியானம் ஒரு மணிக்கு இங்கே வந்தார்கள். இறந்தவரின் மச்சான் ஸுஹைர் இப்போது பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறார். முகம் கொடுத்துப் பேசாமல் கார் சாவியைக் கொடுத்துவிட்டு, "கரண்டு மூணு மணிக்குப் போயிரும், அதுக்குள்ள பாத்துட்டுக் கெளம்புங்க. ஜெனரேட்டரு வேற மக்கர் பண்ணுது," என்றார். கம்ப்ரஸர் பார்க்கும் சுரேஷ் என்பவன்தான் அறையைத் திறந்துவிட்டான். ஜாக்கி பிடிக்க ஒரு கை கொடுக்கச் சொன்னதற்கு, "நான் மெஷின் ஆளுண்ணே, காரு பத்தி ஒண்ணும் தெரியாது," என்று போய்விட்டான்.

முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்த நேரத்தில்தான் கதவு சாத்திக்கொண்டது.

"இதப் பாரு. என்ன தெரியுது?" ஃபஸீலா விரலால் காட்டினாள்.

"பேட்டு தெரியுது. பேட்டா இது, அப்பளம்."

"ஒயரு?"

இமானுவேல் குனிந்தான். பிரேக் குழாயை ஒட்டி மூன்று கிளிப்பில் வரிசையாக மாட்டியிருந்தது ஒயர். பளபளவென்று கறுப்பு. மேலே தூசி மட்டும் லேசாகப் படிந்திருந்தது. பேட்டுக்குள் போகவேண்டிய முனையைக் காணோம். அறுத்து, உள்ளிருந்த இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தது.

"முறுக்கிட்டா என்னாகும்?"

"ஒயரு அறுந்துபோச்சுன்னு காருக்குத் தெரியாது. விளக்கு எரியாது."

"அப்ப போலீஸ் சொன்னது சரிதான. வேல்சாமி பழைய பேட்ட விட்டுட்டு, விளக்கு எரியாம இருக்க முறுக்கிட்டான்."

"முறுக்குனது எந்த ஒயர?"

"இந்த..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். டார்ச்சை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனான். "இது புது ஒயராச்சே."

"ஏமாத்த நெனச்ச மெக்கானிக்குக்குப் புது ஒயரு எதுக்கு? ஏற்கனவே அறுந்து கெடந்த பழசையே முறுக்கிவிட்டா வேலை முடிஞ்சுது. புதுசு வாங்கி, மூணு கிளிப்புலயும் ஒழுங்கா மாட்டி, அதுக்கப்புறம் உக்காந்து அறுப்பானா?"

"பெருநாளுக்குப் புதுச் சட்டை எடுத்து, போடுறதுக்கு முன்னாடி நாமளே கிழிச்ச மாதிரி."

"அதேதான். வேல்சாமி புது பேட்டும் போட்டான், புது ஒயரும் போட்டான். பழைய பேட்ட அட்டைப்பெட்டில போட்டு டிக்கில வச்சுட்டு, காரை இங்கன கொண்டாந்து ஸுஹைர்கிட்ட சாவியக் குடுத்தான்னு இராமலட்சுமி சொன்னா. அதுக்கப்புறம் யாரோ புதுசக் கழட்டிட்டுப் பழசையே மாட்டியிருக்காங்க. விளக்கு காட்டிக்குடுக்குமேன்னு ஒயர அறுத்து முறுக்கியிருக்காங்க."

டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

போலீஸ் கழற்றிவிட்டிருந்த பேட்டரி இணைப்பை ஸ்பேனரால் முடுக்கச் சொன்னாள். இமானுவேல் உள்ளே ஊர்ந்து போய்ச் சாவியைத் திருப்பினான். மீட்டர் முள்ளெல்லாம் நடுங்கி எழுந்தன. மஞ்சள் விளக்கு எரியவில்லை. வெளியே ஃபஸீலா டேப்பை உரித்து முறுக்கைப் பிரித்தாள். அந்தக் கணமே மஞ்சள் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. பதினொரு நாளாக ஒருவனை ஜெயிலில் வைத்திருந்த விளக்கு. அவள் மறுபடி முறுக்கினாள், அணைந்தது.

சந்தோஷத்தில் அவன் ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். ஹாரன் அலறியது. கம்ப்ரஸர் அதையும் விழுங்கியது.

"பேட்டரியத் தீத்துறாத," என்றாள். "பாதி செத்த பேட்டரி. மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

"மூணு மணிக்குக் கரண்டு போகும். கம்ப்ரஸர் நிக்கும். ஜெனரேட்டரக் கெளப்புறதுக்குள்ள நமக்கு நாலஞ்சு நிமிஷம் கெடைக்கும். அப்ப அடிப்போம்."

"ஊர் பூரா கரண்டு போகக் கூடாதுன்னு வேண்டிக்கும். நாம ரெண்டு பேரு மட்டும்..."

"வேண்டிக்க."

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வெயில் கூரையில் இறங்கிச் சுவருக்குள் தங்கியது. பழைய உப்பும் மீன் கவிச்சியும் சூடேறி எழுந்தன. டார்ச்சை அணைத்ததும் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே இமானுவேலுக்குத் தெரியவில்லை. கதவிடுக்கு எங்கேயாவது இருக்குமா என்று தரையோடு முகத்தை வைத்துத் தேடினான். ரப்பர் பட்டை வைத்து அடைத்திருந்தார்கள், ஒரு நூல் வெளிச்சம் வரவில்லை. சட்டையைக் கழற்றினான். மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. பாம்பன் காற்று, நடுராத்திரி ரயில், ஒரு கோடையில் வேனில் வாந்தியெடுத்த காசிச் சாமியார் என்று பேசிக்கொண்டே போனவன், ஒரு கட்டத்தில் பேச ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிட்டான்.

"இமானு," என்றாள் இருட்டில் ஃபஸீலா. குரல் வழக்கம்போல் இல்லை. "பேசு. நீ பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவளோடு வேலை பார்த்த ஏழு வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவன் கேட்டதில்லை. எங்கிருந்தோ தைரியம் வந்தது. வேனில் ஏறிய ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையை மறந்து தனுஷ்கோடியில் விட்டுவிட்டு வந்த கதையை ஆரம்பித்தான். அது நடந்ததில்லை. அவளுக்கும் தெரியும்.

இரண்டரை மணிக்கு அவள் எழுந்தாள். "இந்தச் சக்கரத்தத் திரும்ப மாட்டு. அந்தப் பக்கம் இருக்குறதக் கழட்டு."

"வலது பக்கமா? அங்கன ஒயரே கெடையாதே அக்கா. இந்தக் காருல முன்னாடி இடப்பக்கம் ஒண்ணுதானே?"

"ஆமா. அது வேல்சாமிக்குத் தெரியும். இப்ப நமக்குத் தெரியும். அறுத்தவனுக்குத் தெரியும். வேற ஒரு குஞ்சுக்குத் தெரியாது. கழட்டு."

"ஸுஹைர்தான. சாவியும் அவருகிட்ட, பிளான்ட்டும் இப்ப அவருகிட்ட. வேற யாரு பூட்டியிருப்பா?"

அவள் ஸ்பேனரை நீட்டினாள். அவன் வியர்வை வழுக்கிய கையோடு இடது சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். நசுங்கிய கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டுதான் வேலை செய்யவேண்டியிருந்தது. கடைசி நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது.

மூன்று மணி ஆனது. கரண்டு போகவில்லை. மூன்றேகால். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக மின்சாரம் தடையில்லாமல் வந்ததற்காக இமானுவேல் சபித்தான். ஃபஸீலா காரில் சாய்ந்து உட்கார்ந்து உதடு மட்டும் அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தாள்.

மூன்று இருபத்தைந்துக்குத் தரை அதிர்வது நின்றது.

அந்த அமைதியே ஒரு சத்தம் போல இருந்தது. இமானுவேல் ஹாரனில் விழுந்தான். விட்டு விட்டு, நீட்டி, விட்டு விட்டு. பேட்டரி இளைக்க இளைக்க ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி மெலிந்துகொண்டே வந்தது. இரண்டாவது நிமிஷம் வெளியே பெண்கள் குரல் கேட்டது. ஓடி வரும் காலடி. யாரோ எதையோ கேட்டார்கள், யாரோ பதில் சொன்னார்கள். கொண்டி நகர்ந்தது. கதவு திறந்து, வெளிச்சம் கன்னத்தில் அறைந்தது.

கதவைத் திறந்தவன் சுரேஷ். அவனுக்குப் பின்னால் கருவாடு காயப்போடும் பெண்கள் ஏழெட்டுப் பேர், முன்னால் நின்றவள் பெயர் ராக்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைலியை மடித்துக் கட்டியபடி ஸுஹைர் வந்தார்.

"யாரு கொண்டி போட்டது?" என்றார் ஸுஹைர். அவர் முகம் நிஜமாகவே வெளுத்திருந்தது.

"தெரியாம யாராச்சும் போட்டிருப்பாங்க பாய்," என்றான் சுரேஷ். "காத்துக்கு ஆடுதுன்னு. நல்லா இருக்கீங்களாக்கா?"

"நல்லாத்தான் இருக்கோம். நல்லதாப் போச்சு, உக்காந்து முழுசாப் பாத்தாச்சு." ஃபஸீலா வலது சக்கரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "ஸுஹைர் பாய், இந்தக் காருல பேட்டு தேஞ்சாச் சொல்றதுக்கு ஒரு ஒயரே இல்ல. இந்தா, நீங்களே பாருங்க. காருலதான் குறை. அப்படித்தான் எழுதிக் குடுக்கப்போறேன். வேல்சாமிய நாளைக்கே விட்டுருவாங்க."

ஸுஹைர் குனிந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது தெரிந்தது. "சரிம்மா. நம்மளால ஒருத்தன் சும்மா உள்ள கெடக்க வேணாம்," என்றார்.

"அதெப்படி இல்லாமப் போகும்?" என்றான் சுரேஷ். "நல்லாப் பாருங்கக்கா. இந்தக் காருக்கு டிரைவர் சைடுல ஒயரு உண்டு. அவன் அறுத்து முறுக்கி வச்சிருப்பான்."

ஃபஸீலா நிமிரவில்லை. இமானுவேல்தான் பேசினான்.

"அண்ணே, இதுதான் டிரைவர் சைடு. ஸ்டியரிங்கு இங்கனதான இருக்கு."

சுரேஷின் கை நீண்டபடியே நின்றது. அது காருக்கு அந்தப் பக்கம், இடது சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஸுஹைர் மெதுவாகத் திரும்பினார். "ஏலே சுரேசு," என்றார். "சார்ஜாவுலதானடா அது டிரைவர் சைடு. அங்கனதான் ஸ்டியரிங்கு இடப்பக்கம்."

"சார்ஜாவா?" என்றாள் ஃபஸீலா.

"மச்சானோட ஒர்க்‌ஷாப்புல பதினோரு வருஷம் இவன்தான் பிரேக் வேலை பாத்தான். மச்சான் அதை மூடிட்டு வந்தப்ப இவனையும் கூட்டியாந்தாரு. ஏழு மாசம் ஆகுது."

"காரு பத்தி ஒண்ணும் தெரியாதுன்னாரு," என்றான் இமானுவேல்.

சுரேஷ் வாசலைப் பார்த்தான். ராக்குவும் மற்றவர்களும் அங்கே நின்றார்கள். எதுவும் புரியாவிட்டாலும் ராக்கு வழியை விடவில்லை. இடுப்பில் இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டாள். அவன் ஓடுவான் என்று இமானுவேல் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தான். ஆனால் அவன் கழற்றிக் கிடந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வருஷம் என் பாஸ்போர்ட்ட அலமாரில வச்சுப் பூட்டுனாரு மொதலாளி," என்றான். "கேட்டா, இந்த மாசம் ஆகட்டும்பாரு, அடுத்த மாசம்பாரு. எனக்குப் பிள்ளை பொறந்துச்சு. நாப்பது நாள் இருந்துச்சு. போன்லதான் பாத்தேன். போன்லதான் அடக்கமும் பாத்தேன்."

"அது பழைய கதைடா," என்றார் ஸுஹைர், சத்தமில்லாமல்.

"எனக்கும் பழைய கதைதான் பாய். போன மாசம் நாலு பேருக்கு முன்னால சொல்லிச் சிரிச்சாரே. 'இவன் பாஸ்போர்ட்ட நான் பூட்டலைன்னா பொண்டாட்டி முந்தானையத் தேடி ஓடியிருப்பான்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

ஸுஹைர் தலை குனிந்தார்.

"சாகணும்னு நெனைக்கல. மெதுவாத்தான ஓட்டுவாரு. எங்கனயாச்சும் முட்டி, ரெண்டு மாசம் எந்திரிக்க முடியாம கட்டில்ல கெடக்கட்டும்னு நெனச்சேன். காரத் தொடைக்க டிக்கியத் தெறந்து அந்தப் பழைய பேட்டப் பாத்தப்பதான் தோணுச்சு."

"புது பேட்டு எங்க?"

"ஐஸ் தொட்டி அடில. உப்புத் தண்ணிக்குள்ள கெடக்கு."

"எங்களையும் ரெண்டு மாசம் படுக்க வைக்கலாம்னுதான் பூட்டினீங்களா?" என்றான் இமானுவேல்.

"பயந்துட்டேண்ணே. சாயங்காலம் தெறந்துருப்பேன்."

"சாயங்காலம் பொணமாத் தூக்கியிருப்பீங்க."

ஃபஸீலா அவன் முன்னால் வந்து நின்றாள். "மொதலாளி செஞ்சது தெரிஞ்சுது. வேல்சாமி உனக்கு என்ன செஞ்சாரு?"

சுரேஷ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அதற்கப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது.

ஸுஹைர் போலீஸுக்குப் போன் செய்தார். ஜீப் வந்து, சுரேஷ் சொன்ன தொட்டியில் கொக்கி விட்டுத் துழாவி நாலு பேட்டையும் எடுத்தார்கள். துருவேறி, ஆனால் ஒரு துளி தேயாமல் இருந்தன. ஃபஸீலா கடற்கரையில் வந்து நின்று இராமலட்சுமிக்குப் போன் போட்டாள். இமானுவேல் பக்கத்தில் நின்று, நெஞ்சு கொள்ளும் அளவுக்குக் காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் இராமலட்சுமி, "யாருக்கா செஞ்சது?" என்றாள்.

ஃபஸீலா சொன்னாள். பாஸ்போர்ட்டையும் சொன்னாள், நாற்பது நாள் பிள்ளையையும் சொன்னாள்.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

"இருக்கா. திருப்பாலைக்குடில, தனியான்னு ஸுஹைர் பாய் சொன்னாரு."

"அவகிட்ட யாரு சொல்லுவா?" என்றாள் இராமலட்சுமி. "எங்க வீட்டுக்காரரைப் புடிச்சத எனக்குப் பக்கத்து டீக்கடைக்காரன் சொன்னான் அக்கா. கடைல நின்ன அத்தனை பேரும் என் மொகத்தையே பாத்தாங்க."

ஃபஸீலா போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். கேட்காமலே இமானுவேல் சாவியைப் போட்டான்.

ராமநாதபுரம் வந்தது, போனது. அலுவலகத் திருப்பத்தில் அவன் வண்டியை ஒடிக்கவில்லை. தேவிபட்டினம் தாண்டித் திருப்பாலைக்குடி நெருங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"போனதும் என்னக்கா சொல்லப்போறீங்க?"

ஃபஸீலா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"தெரியல," என்றாள். "மொதல்ல குடிக்கத் தண்ணி கேப்போம்."